முன்பாத்திக்காரியின் கொத்து

பண்ணையில் அவளுக்கு முன்பாத்திக்காரி என்று பட்டம். நகரத்துச் சந்தைக்கு லாரி லாரியாகக் கோஸும் முள்ளங்கியும் போகிற காய்கறிப் பண்ணை அது. களையெடுக்கும் பெண்கள் ஆளுக்கொரு பாத்தியைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே வரிசையாக முன்னேறுவார்கள். முதல் பாத்தியில் இருப்பவள் என்ன வேகமோ அதுதான் எல்லாருக்கும் வேகம். அவள் தளர்ந்தால் மேஸ்திரி கத்துவான். அவள் விரைந்தால் மற்ற பெண்கள் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்கிற வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில், மேஸ்திரியின் கண்ணுக்கு வேகமாகவும் பெண்களின் இடுப்புக்கு நிதானமாகவும் ஒரு போக்கு உண்டு. அதைப் பிடித்து வைத்திருந்தவள் இவள் ஒருத்திதான். பிள்ளை பெற்ற கையோடு வேலைக்கு வந்தவள் எவளாவது பின்தங்கினால், இவள் காலில் முள் குத்தியதாகச் சொல்லி நின்றுவிடுவாள். இல்லாத முள்ளை ஆற அமரத் தேடுவாள். பின்தங்கியவள் வந்து சேர்ந்ததும் முள் தானாக வெளியே வந்துவிடும்.

கையில் இருந்தது குட்டைக் காம்பு போட்ட களைக்கொத்து. முழங்கை நீளம்கூட இல்லாத காம்பு. அதைப் பிடித்தால் முதுகை வில்லாக வளைத்தே தீரவேண்டும். அதை முதலில் செய்தவன் எவனோ, ஒரு நாளாவது அதைப் பிடித்து ஒரு பாத்தியைக் கடந்திருக்கமாட்டான், அது மட்டும் நிச்சயம். இவளோ பாவாடை கட்டிய வயதிலிருந்து அதைப் பிடித்திருக்கிறாள். மகளைப் பெற்று, வளர்த்து, தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த பிறகும் பிடித்திருந்தாள்.

வலி வந்தது முதலில் இடுப்பில். இடுப்புவலி இல்லாத களைக்காரி எங்கே இருக்கிறாள் என்று விட்டுவிட்டாள். பிறகு வலி இடது தொடை வழியாக இறங்கிக் குதிகால் வரை போனது. ஒரு நாள் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வரை நடந்து வந்திருந்தாள். அப்போதுதான் பயம் வந்தது.

படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டிய டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. "முதுகெலும்பு நடுவுல இருக்கிற தட்டு நழுவி நரம்பை அழுத்துதும்மா. இனிமே குனியவே கூடாது. நிக்கலாம், நடக்கலாம். குனிஞ்சு வேலை செஞ்சீங்கன்னா கால் ரெண்டும் போயிடும். அப்புறம் என்னை வந்து கேக்காதீங்க."

"குனியாம எப்படிங்க களை எடுக்கிறது?" என்றாள்.

டாக்டருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அவர் படித்தது வேறு.

பதில் சொல்ல முன்வந்தது அவள் வீட்டுக்காரர். அங்குலம் என்று அவருக்குப் பெயர். கேட் பட்டறையில் வெல்டராக இருந்தவர், எதையும் இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டு மூன்றாவது தடவை சந்தேகத்துக்காக அளப்பவர் என்பதால் பட்டறைக்காரர்கள் வைத்தது. அவர் செய்த இரும்பு கேட் ஒரு விரலால் தள்ளினால் திறக்கும், திறந்த இடத்தில் நிற்கும். அப்படிப்பட்டவரின் வலது கண்ணில் ஒரு நாள் கிரைண்டிங் கல்லின் சில்லு தெறித்தது. கண் போயிற்று. முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, அனுப்பியிருந்தாலாவது கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருப்பான். "ஒத்தைக் கண்ணுக்குக் கோடு நேரா விழாதுப்பா" என்று தோளில் தட்டி, கையில் பிரஷ்ஷைக் கொடுத்து, மற்றவர்கள் செய்த கேட்டுக்கெல்லாம் சிவப்பு பிரைமர் அடிக்க வைத்துவிட்டார். அன்றிலிருந்து அங்குலம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டார். கேட்டால் தலையை ஆட்டுவார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை. கூலியும் பாதியாகிவிட்டது. பண்ணை வேலையை விட்டுவிட்டு இவள் உட்காரமுடியாமல் போனது அதனால்தான்.

டாக்டர் சொன்னதைக் கேட்ட அன்று அவர் சுவரை விட்டுத் திரும்பினார். "காம்பு நீளமா இருந்தா நீ குனிய வேண்டியதில்லையே" என்றார். வெகு காலத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம்.

அடுத்த விடுமுறை நாளில் பின்கட்டில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வேலை நடந்தது. பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு வெட்டினார். முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டையும் கூராக்கினார். தள்ளினாலும் வெட்டும், இழுத்தாலும் வெட்டும். அதை ஒரு நீளக் காம்பின் நுனியில், மண்ணோடு படுத்துப்போகிற மாதிரி பற்றவைத்தார். கண் ஏமாற்றியபோது, பற்றவைத்த இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. முடிந்ததும் ஒரு சாக்கைப் போட்டு மூடி மூலையில் சாத்திவிட்டார்.

"காட்ட மாட்டீங்களா?" என்றாள்.

"பெயின்ட் அடிச்சு முடியட்டும்."

இது பட்டறைப் பழக்கம். பெயின்ட் அடிக்காத கேட்டை அங்கே ஆர்டர் கொடுத்தவன் கண்ணில் காட்டமாட்டார்கள். காட்டினால் அதை மாற்று, இதை மாற்று என்று உயிரை எடுப்பான். ஆர்டர் கொடுத்தவனுக்குப் போட்ட சட்டத்தைக் கட்டினவளுக்கும் போட்டார் மனிதர்.

மறுநாள் பண்ணையில் அரைநாள் வேலைதான். மதியம் அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் இல்லை. சாக்கின் மடிப்பு எப்படி இருக்கிறது என்று நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, மெல்ல எடுத்தாள். பின்சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்துக்கு மண் கிடந்தது, அதில் களை மண்டியிருந்தது. நிமிர்ந்து நின்றபடி கொத்தைத் தள்ளினாள். களை வேரோடு அறுந்து சாய்ந்தது. இழுத்தாள். இன்னொரு பிடி சாய்ந்தது. இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை செய்யும்போது எதிரே சுவர் தெரிந்தது, சுவருக்கு மேல் வானம் தெரிந்தது. கொத்துப் பிடித்த நாளிலிருந்து அவள் மண்ணைத் தவிர வேறெதையும் பார்த்துக்கொண்டு களை எடுத்ததில்லை. தனியாக நின்று சிரித்துவிட்டாள், யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பிறகு தகட்டைக் கழுவி, துடைத்து, மடிப்பு மாறாமல் சாக்கைப் போட்டு வைத்தாள். எப்படியும் நாளைக்கோ மறுநாளோ கையில் கொடுத்துவிடுவார் என்று நினைத்தாள்.

சாயங்காலம் அவர் பின்கட்டுக்குப் போய்விட்டு வந்தார். "சுவரோரம் இருந்த களை எங்க?"

"கையால பிடுங்கிப் போட்டேன்."

"அறிவு இருக்கா உனக்கு? குனியக் கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே!"

திட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் திட்டு அவளுக்கு இனித்தது. திட்டுகிற அளவுக்கு மனிதர் உயிரோடு வந்துவிட்டாரே.

ஆனால் கொத்து கைக்கு வரவில்லை. அவருக்கு வேறு யோசனை வந்துவிட்டது. களை வெட்டினால் வேலை முடிந்துவிடுமா? வெட்டிய பிறகு செடியைச் சுற்றி மண்ணைக் கிளறிவிட வேண்டும், கிளறிய மண்ணை வேருக்கு அணைக்க வேண்டும். களைக்கு மண்ணோடு படுத்த மெல்லிய தகடு வேண்டும். கிளறுவதற்குச் செங்குத்தாக இறங்கும் கனத்த பற்கள் வேண்டும். அணைப்பதற்கு அகலமான முகம் வேண்டும். "களைக்கு நிமிர்ந்து நின்னுட்டு, கிளறதுக்குக் குனிஞ்சா என்ன பிரயோஜனம்?" என்றார். மூன்று வேலைக்கும் ஒரே கொத்து. காம்பும் தகடும் சேரும் கழுத்தில் ஒரு இரும்பு முளை, அதைத் தூக்கித் திருப்பினால் முகம் மாறவேண்டும்.

பாதி குனிந்தால் பாதி வலிதானே என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

முன்னறைத் தரையில் சாக்பீஸால் கொத்தை அதன் முழு அளவுக்கு வரைந்தார். அவள் அதை மிதிக்காமல் சுற்றிப் போனாள், அதை விட்டுவிட்டு மீதியைப் பெருக்கினாள். முதல் கொத்தின் தகட்டை அறுத்தெடுத்து இரண்டாவதற்குப் போட்டார். இரண்டாவதில் பற்கள் வந்தன, ஆனால் கழுத்தில் மண் புகுந்து முளை இறுகிக்கொண்டது. மூன்றாவதில் முளை இறுகவில்லை, ஆட்டம் கண்டது. சாப்பிடும்போது சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்து உட்கார்ந்தார். "இந்தக் கழுத்து இருக்கே, அது நம்ம மேஸ்திரி மாதிரி. இறுக்கினா முறைக்குது, விட்டா ஆடுது" என்று சொல்லி அவரே சிரித்தார். முதலில் சுவரைப் பார்த்து முடங்கிய மனிதரா இவர் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குதிகாலில் உணர்வு இல்லை என்பது அந்த நேரத்தில் மறந்துபோகும்.

ஒரே ஒரு தடவை கேட்டாள். களை அதிகமான மழைக்காலம், பாத்தியின் கடைசியில் நிமிரும்போது கண் இருட்டத் தொடங்கியிருந்தது.

"ஏங்க, இப்போதைக்குச் சும்மா ஒண்ணு செஞ்சு குடுங்களேன். களைக்கு மட்டும். மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அவர் முகம் சுருங்கியது. "அரைகுறையைத் தூக்கிட்டுப் போய் நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்கப் போறியா? கண்ணு போனவன் செஞ்சது இப்படித்தான் இருக்கும்னு பேசுவாங்க. அதுக்கா இவ்வளவு பாடுபடறேன்?"

அந்த ஒற்றைக் கண் கலங்கியிருந்தது. அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடியிருக்கக் கூடாது. கொடு என்று சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும், சாக்பீஸ் கோட்டின் மேல் ஏறி நின்று கத்தியிருக்க வேண்டும். ஊர்ப் பெண்களுக்காக இல்லாத முள்ளைத் தேடியவளுக்குத் தன் காலுக்காக ஒரு சண்டை போடத் தெரியவில்லை.

வரிசையின் கடைசிப் பாத்தியில் ஒருத்தி இருந்தாள், இவளைவிட இளையவள், நாக்கு மட்டும் இவளைவிட மூத்தது. அவளுக்கு விஷயம் தெரியும்.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர் கொத்து செய்யறாரா, கப்பல் கட்டறாரா?"

"வந்துடும்டி."

"இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போறாரு. களை வெட்டற கொத்தை வாங்கிட்டு வாக்கா. கிளறதை உன் பாத்திக்கும் சேத்து நான் பாத்துக்கறேன். சத்தியமா."

அவள் சொன்னது நியாயம். நியாயத்தை வீட்டில் போய்ச் சொல்ல யாருக்குத் தைரியம்?

மழை விட்ட ஒரு காலையில், முள்ளங்கிப் பாத்தியின் நடுவில், முன்பாத்திக்காரி நின்றுபோனாள். வரிசை முழுவதும் நின்றது. வழக்கமான முள் என்று நினைத்துப் பெண்கள் காத்திருந்தார்கள். மேஸ்திரி கத்தினான். அவள் நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. சரி உட்காரலாம் என்றால் கால் மடங்கிய விதம் அவளுக்குத் தெரியவே இல்லை, பக்கவாட்டில் சேற்றில் சாய்ந்தாள். கடைசிப் பாத்திக்காரி ஓடிவந்து காலைப் பிடித்து நீட்டினாள். "அக்கா, நான் பிடிக்கிறது தெரியுதா?"

"எதைப் பிடிச்சிருக்கே?" என்று கேட்டாள் இவள்.

அறுவை நடந்தது. அதே டாக்டர்தான் செய்தார், கோபத்தோடு செய்தார். நரம்பு நசுங்கி நாளாகிவிட்டது, இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். உயிரும் பேச்சும் கைகளும் இருந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

முன்னறையில் சாக்பீஸ் கோடு இருந்த இடத்தில் கட்டில் வந்தது. அங்குலம் அவளைத் தூக்கினார், கழுவிவிட்டார், முதுகு புண்ணாகாமல் மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டார். ஒன்றிலும் குறை வைக்கவில்லை, இதைச் சொல்லாவிட்டால் பாவம். மீதி நேரமெல்லாம் பின்கட்டில் கொத்தோடு இருந்தார். இப்போது யாருக்காகச் செய்கிறார் என்று அவரும் யோசிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. செய்யாமல் இருந்தால் அந்த மனிதர் செத்துப்போயிருப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

கடைசியில் கொத்து முடிந்தது. கழுத்துக்கு ஒரு ரப்பர் வளையம் போட்டதும் மண் புகுவது நின்றது, ஆட்டமும் நின்றது. பச்சை பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகுதான் கொண்டுவந்து காட்டினார். முளையைத் தூக்கித் தகடு, திருப்பிப் பற்கள், இன்னொரு திருப்பில் அகன்ற முகம். ஒரு விரலால் மாறியது. நல்ல கொத்து. அதில் பொய் சொல்ல முடியாது. கடைசிப் பாத்திக்காரி அதைப் பண்ணைக்கு எடுத்துப்போனாள். நின்றபடி மூன்று வேலையும் செய்து, வரிசைக்கு முன்னால் போனாள். எல்லாப் பெண்களும் ஆளுக்கொரு பாத்திக்கு அதை வாங்கிப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதுவிட்டாளாம்.

வார முடிவில் மேஸ்திரியே வீடு தேடி வந்தான், வரிசைக்கே செய்து தரவேண்டும் என்று கேட்க. கூடவே கடைசிப் பாத்திக்காரியும் இன்னும் சில பெண்களும். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பட்டறை முதலாளியும் அந்தக் கொத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கோடு நேராகத்தான் விழுந்திருக்கிறது என்றாராம். மேஸ்திரி அதைச் சொன்னதும் அங்குலத்தின் முகம் பூரித்தது. பூரிப்பில் மனிதன் என்ன பேசுகிறான் என்று அவனுக்கே தெரியாது.

"என்ன செஞ்சு என்ன? இவளுக்குக் குடுத்து வைக்கலை" என்றார் கட்டிலைக் காட்டி. "கொஞ்சம் பொறுத்திருந்தா இன்னைக்கு நிமிர்ந்து நடந்திருப்பா. குனியாதே குனியாதேன்னு சொன்னா கேட்டாத்தானே? பொறுமை கிடையாது."

அவள் இதுவரை படுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள், வந்தவர்களுக்காக. சிரிப்பு அப்படியே நின்றது.

"யாருக்குப் பொறுமை இல்ல?"

"இல்ல, நான் சொல்ல வந்தது…"

"மொதல்ல செஞ்சீங்களே, சாக்குப் போட்டு மூடி வச்சீங்களே, அதை எடுத்து நான் பாத்தேன். நீங்க இல்லாதப்போ. சுவரோரம் இருந்த களையை அதை வச்சுத்தான் எடுத்தேன், கையால இல்ல. நின்னுக்கிட்டு எடுத்தேன். ஒரு வலி இல்ல. அதுவே போதும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்." குரல் உடைந்தது, ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. "உங்க முகத்தைப் பாத்து வாயை மூடிக்கிட்டேன். காலைக் குடுத்துட்டு மூடிக்கிட்டேன். என்னைப் பாத்துப் பொறுமை இல்லன்னு சொல்றீங்களா?"

மேஸ்திரி, அப்புறம் வருகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டு நழுவினான். பெண்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசிப் பாத்திக்காரி மட்டும் வாசலில் நின்று அங்குலத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குப் பிறகும் அவர் மன்னிப்பு கேட்கவில்லை. தூக்கினார், கழுவினார், புரட்டினார். கொத்து கேட்டு வந்தவர்களை வாசலோடு அனுப்பினார். சாப்பிடும்போது மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவள் நினைத்தாள். சொல்லாமல் எப்படி இருப்பது என்றும் நினைத்தாள். இரண்டு நினைப்பும் மாறி மாறி வந்தன, இரண்டிலும் கால் திரும்பி வரவில்லை.

ஒரு மதியம் அவளைக் கட்டிலோரம் சாய்த்து உட்காரவைத்து, அவள் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். சதையோடு சேர்த்து வெட்டினாலும் அவளுக்குத் தெரியாது என்பதால் மிக நிதானமாக வெட்டினார். குனிந்த தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"அன்னைக்கு எடுத்தியே. கையில எப்படி இருந்துது?"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. கொத்து செய்யத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஒன்றைத்தான் அவர் கேட்கவே இல்லை.

"நல்லா இருந்துதுங்க" என்றாள். "எடை சரியா இருந்துது. காம்புதான் கொஞ்சம் தடி, என் கைக்கு அடங்கலை. ரொம்ப நேரம் பிடிச்சா விரல் வலிச்சிருக்கும்."

"ம். வேற?"

"தள்ளும்போது நல்லா வெட்டுச்சு. இழுக்கும்போது லேசா துள்ளுச்சு. பின்விளிம்பை இன்னும் கொஞ்சம் சாச்சிருக்கலாம்."

"சாச்சிருக்கலாம்" என்றார் அவரும். "வேற?"

"வேற ஒண்ணும் இல்லங்க. எனக்கு அது போதுமா இருந்துது."

நகவெட்டி தரையில் விழுந்தது. அவர் அவள் முழங்கால்களின் மேல் முகத்தை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. அவள் கையை நீட்டி அவர் தலையைத் தொட்டாள், அது மட்டும்தான் அவளுக்கு எட்டியது. வெகு நேரம் கழித்து அவர் எழுந்தபோது, போர்வை முழங்காலருகே நனைந்திருந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.